ஐஸ்வர்யம்ங்கற சொல்ல எங்க போடணும், எப்படிப் போடணும்

கிரகப்பிரவேச பத்திரிகை, கல்யாண வாழ்த்து, புதுக்கடை திறப்பு பேனர், அட்சய திருதியை அன்னிக்கு வைக்கிற வாட்ஸப் ஸ்டேட்டஸ், எதை எடுத்தாலும் இந்தச் சொல் வந்து உக்காந்துக்குது. "சகல ஐஸ்வர்யங்களும் பெற்று", "ஐஸ்வர்யம் பெருக", "அஷ்ட ஐஸ்வர்யமும் கிட்ட". பாரிமுனைல ஆண்டர்சன் தெரு பக்கம் பத்திரிகை அடிக்கப் போனீங்கன்னா ரெடிமேடா காட்டற மேட்டர்லயும் இது இருக்கும். நான் தெரிஞ்சவங்களுக்கு இந்த மாதிரி மேட்டர் எழுதிக் குடுக்கறதுண்டு, அதனால கேள்வி வந்துட்டே இருக்கும், பணம்னுதான் அர்த்தமா, ஐஷ்வர்யமா ஐஸ்வர்யமா, இதுக்கு பதிலா நல்ல தமிழ்ச்சொல் இருக்கா, கிறிஸ்டியன் ஃப்ரெண்டுக்கு இத போட்டு வாழ்த்தலாமான்னு. எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன், தேவைப்படறவங்க எடுத்துக்கங்க.

அகராதி சொல்ற அர்த்தம் மிகுந்த செல்வம். சரிதான், ஆனா அதோட நிறுத்திட்டா எங்க போடணும்னு புரியாது, அதனால வேர் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம். ஈஸ்வரன்ங்கறதுலேர்ந்து வந்ததுதான் ஐஸ்வர்யம். வடமொழில ஒரு ஆளக் குறிக்கற சொல்லுலேர்ந்து அவரோட தன்மையக் குறிக்கற சொல் உண்டாகும்போது முதல் எழுத்து மாறும், தீரன் - தைரியம், பண்டிதன் - பாண்டித்யம், சுந்தரன் - சௌந்தர்யம், அதே கணக்குலதான் ஈஸ்வரன் - ஐஸ்வர்யம். ஈஸ்வரன்னா ஆள்றவன், உடையவன். அப்ப ஐஸ்வர்யம்னா ஆள்ற தன்மை. செல்வம்ங்கற அர்த்தம் அதுலேர்ந்து கிளைச்சதுதான். திருவல்லிக்கேணி பக்கம் வைஷ்ணவ உபன்யாசம் கேட்டவங்களுக்கு இது உடனே பிடிபடும், பகவானுக்கு ஆறு குணம்னு ஞானம், பலம், ஐஸ்வர்யம், வீர்யம், சக்தி, தேஜஸ்னு வரிசையா சொல்லுவாங்க, அங்க ஐஸ்வர்யம்னா நகை நட்டு இல்ல, எல்லாத்தையும் நியமிச்சு ஆள்றதுன்னு அர்த்தம். கோடீஸ்வரன்ங்கற சொல்லுலயும் இதே ஈஸ்வரன்தான் இருக்கார், கோடிக்கு அதிபதி.

இத நான் இவ்ளோ நீட்டி சொல்றதுக்கு காரணம் இருக்கு. எவ்ளோ இருக்குங்கற எண்ணிக்கைய சொல்ல இந்தச் சொல் பொறக்கல. இருக்கறது உங்க கைக்குள்ள நிக்குது, வீட்டுல தங்குது, நாலு பேருக்கு குடுத்தாலும் குறையாம இருக்குதுங்கற நிறைவத்தான் இது சொல்லுது. வட்டிக்கு வாங்கி நிறைய வச்சிருக்கற வீட்ட பணக்கார வீடுன்னு சொல்லலாம், ஐஸ்வர்யமான வீடுன்னு நம்ம ஊர்ல யாரும் வாய் நிறைய சொல்ல மாட்டாங்க. இந்த ஒண்ண மனசுல வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா விளங்கிடும்.

பேச்சுல எப்படி வருதுன்னு பாருங்க. சாயங்காலம் ஃப்ளாட்ல பக்கத்து வீட்டு பொண்ணு வந்து "அக்கா, ஒரு கைப்பிடி கல்லுப்பு குடுங்களேன்"ன்னு கேக்குது, உள்ளேர்ந்து பதில் வருது, "ஐயோ விளக்கு வச்சிட்டேனேம்மா, அதுவும் வெள்ளிக்கிழமை, இப்ப உப்பு குடுத்தா வீட்டு ஐஸ்வர்யம் போயிடும்னு எங்க மாமியார் சொல்லுவாங்க, தப்பா நினைச்சுக்காத, காலைல வா, டப்பாவோட எடுத்துக்கோ." இங்க போயிடும்னு பயப்படற பொருள் உப்பு, கடைல அதோட விலை கொஞ்சம்தான். ஆனா சொன்ன சொல் ஐஸ்வர்யம். அரிசிப்பானை, உப்பு ஜாடி, மஞ்சள், விளக்கு, வாசல்ல கோலம், இதெல்லாம் இருக்கற வீட்டு நிறைவுக்குதான் இந்தச் சொல் வருது. பூஜை ரூம்ல போடறதுக்கு ஐஸ்வர்ய கோலம்னே ஒண்ணு இருக்கே, அதுவும் இந்த அர்த்தத்துலதான்.

இப்ப வேலைக்கு ஆகற விஷயம், கூட வர்ற வினைச்சொல். பத்திரிகை மேட்டர் தப்பா ஒலிக்கறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான். ஐஸ்வர்யம் பெருகும், உண்டாகும், கிட்டும், தங்கும், நிலைக்கும், பொங்கும். இதெல்லாம் அதுவா வர்றது, அதுவா இருக்கறது. சம்பாதிக்கறது, சேக்கறது, சேமிக்கறது, முதலீடு பண்றது, இதெல்லாம் ஐஸ்வர்யத்தோட ஒட்டாது. பணத்த சம்பாதிக்கலாம், சொத்த சேக்கலாம், செல்வத்த ஈட்டலாம், ஆனா "அவர் துபாய் போய் நிறைய ஐஸ்வர்யம் சம்பாதிச்சார்"னு எழுதினா படிக்கிறவங்களுக்கு எங்கயோ இடிக்கும். அதே மாதிரி வேற்றுமை உருபு ஐ போட்டு "ஐஸ்வர்யத்தை அடைந்து"ன்னு எழுதறத விட "ஐஸ்வர்யம் பெற்று"ன்னு விட்டாலே அழகு. சந்தேகம் வந்தா அந்த வாக்கியத்துல லட்சுமிய வச்சுப் பாருங்க. வீட்ல லட்சுமி தங்கணும்னு சொல்லலாம், லட்சுமிய சம்பாதிக்கணும்னு சொல்ல முடியாது. லட்சுமி பொருந்தற இடத்துலதான் ஐஸ்வர்யமும் பொருந்தும்.

பெயரடையா போடணும்னா ஐஸ்வர்யமான, வினையடைக்கு ஐஸ்வர்யமா, "புது வீடு பாத்தேன், நல்லா ஐஸ்வர்யமா இருக்கு"ன்னு சொன்னா வெளிச்சமா, நிறைவா, மங்களகரமா இருக்குன்னு அர்த்தம், டைல்ஸ் விலை உசத்தின்னு அர்த்தம் ஆகாது. ஆளச் சொல்ல ஐஸ்வர்யவான்னு ஒண்ணு இருக்கு, அது பழைய நடை, இப்ப பேச்சுல யாரும் சொல்றதில்ல.

எந்த இடத்துல போடவே கூடாதுன்னும் சொல்லிடறேன். பத்திரப்பதிவு சம்பந்தப்பட்ட எதுலயும் வேண்டாம். சார்பதிவாளர் ஆபீஸ்ல சொத்துதான், அசையும் சொத்து, அசையா சொத்து, பழைய பத்திரத்துல ஸ்தாவர ஜங்கம சொத்துன்னும் ஆஸ்தின்னும் பாக்கலாம். எலெக்‌ஷன்ல நிக்கிறவங்க வேட்புமனுவோட தாக்கல் பண்ற பிரமாணப் பத்திரத்துலயும் சொத்து மதிப்புதான். நியூஸ்ல செல்வம், வளம், செல்வந்தர். வரன் பாக்கற பேச்சுல "நல்ல வசதியான இடம்". தெருப் பேச்சுல துட்டு, "செம துட்டு பார்ட்டி", "பசையுள்ள ஆளு". இதெல்லாம் அளவச் சொல்ற, எண்ணிப் பாக்கற சொற்கள், அங்க கொண்டு போய் ஐஸ்வர்யத்த வச்சா ரெண்டு பக்கமும் கெட்டுடும். விளம்பரம் எழுதறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள், தங்கத்துக்கு செய்கூலி தள்ளுபடின்னு போடற வரியிலேயே ஐஸ்வர்யத்தையும் சேத்து விக்காதீங்க, தனி வரியா வாழ்த்தா போடுங்க, வாங்க வர்றவங்க நம்பிக்கையோட வர்றாங்க.

எழுத்து விஷயம். ஐஸ்வர்யம், ஐஸ்வரியம், ஐசுவரியம், மூணும் சரி. ஸ், ஷ் மாதிரி கிரந்த எழுத்து வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு ஐசுவரியம் ரொம்ப நாளா இருக்கற வடிவம், சென்னைப் பல்கலைக்கழகம் 1924லேர்ந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா கொண்டு வந்த தமிழ் லெக்சிகன்லயும் இப்படித்தான் பாக்கலாம், அது இப்ப ஆன்லைன்லயே தேடற மாதிரி கிடைக்குது. ஐஷ்வர்யம்னு ஷ் போடறது வேண்டாம், இங்கிலீஷ்ல பேர எழுதற விதத்தப் பாத்து வந்த பழக்கம் அது. ஈஸ்வரன், விஸ்வநாதன்னு ஸ் போட்டு எழுதறோம், அதே குடும்பத்து சொல்லுக்கு மட்டும் ஏன் ஷ். அய்ஸ்வர்யம்னு எழுதறது தப்பில்ல, ஆனா ஒரே பத்திரிகைல மேல ஐ, கீழ அய்னு கலக்காதீங்க. அஷ்ட ஐஸ்வர்யம்னு பிரிச்சும் எழுதலாம், அஷ்டைஸ்வர்யம்னு சேத்தும் எழுதலாம், பேனர்னா பிரிச்சே எழுதுங்க, தூரத்துலேர்ந்து படிக்க முடியும்.

அந்த அஷ்ட ஐஸ்வர்யம் எதெதுன்னு கேட்டா ரெண்டு வேற பட்டியல் இருக்கு, இதத் தெரிஞ்சுக்கறது நல்லது. ஒண்ணு உலக வாழ்க்கைக்கானது, அரசு, மக்கள், சுற்றம், பொன், மணி, நெல், வாகனம், அடிமை. பழைய காலத்து அரண்மனைப் பட்டியல், அதுல கடைசியா இருக்கறத இன்னிக்கு யாரும் வாழ்த்தாச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதனாலதான் பத்திரிகைல எட்டையும் பிரிச்சு விவரமா போடச் சொல்லி யாராவது கேட்டா நான் வேண்டாம்னுடுவேன். இன்னொண்ணு சித்தர், யோகிகள் வழில வர்றது, அணிமா, மகிமா, கரிமா, லகிமா, பிராப்தி, பிராகாமியம், ஈசத்துவம், வசித்துவம்னு அட்டமா சித்திகளையே ஐஸ்வர்யம்னு சொல்றது. உடம்ப அணுவா சுருக்கறதும் மலையா பெருக்கறதும் எப்படி செல்வம் ஆகும்னு தோணும், ஆனா ஐஸ்வர்யம்னா ஆள்ற தன்மைன்னு மேல பாத்தோமே, அந்தப் பழைய அர்த்தம் இங்க அப்படியே இருக்கு. பெசன்ட் நகர் அஷ்டலட்சுமி கோயில்ல இருக்கற எட்டு லட்சுமிகளையும் இதோட குழப்பிக்காதீங்க, அது தனி வரிசை. ரொம்பப் பழைய கிரயப் பத்திரத்துல அஷ்டபோகம்னு ஒண்ணு வரும், நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம்னு போகும், அது நிலத்துல இருக்கற புதையல், தண்ணி, கல் மேல வாங்கறவருக்கு உள்ள உரிமை, அதுவும் வேற.

பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கன்னு சொல்றது பதினாறு பிள்ளை பெறச் சொல்றது இல்லன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். பதினாறு பேறு என்னென்னன்னு ஆளுக்கு ஒரு பட்டியல் தருவாங்க, கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா கல்வி, நோயில்லாம இருக்கறது, நல்ல மக்கள், பொன், நீண்ட ஆயுள் எல்லாத்துலயும் வந்துடும். ஒரே வாழ்த்துல அஷ்ட ஐஸ்வர்யமும் பதினாறு பேறும் ரெண்டையும் போட்டா கூறியது கூறல். ஒண்ணு போதும்.

இப்ப தமிழ்ச்சொல். இத நிறைய பேர் ஆசையா கேக்கறாங்க, எனக்கும் பிடிச்ச இடம் இது. செல்வம் எல்லா இடத்துக்கும் பொதுவா பொருந்தும், ஆனா தனியா நின்னா அந்த நிறைவு வராது, ஒரு அடை வேணும். நீங்காத செல்வம்னு சொல்லிப் பாருங்க. மார்கழி மூணாம் நாள் பாசுரத்துல ஆண்டாள் "நீங்காத செல்வம் நிறைந்தேலோர் எம்பாவாய்"னு முடிக்கிறா, அதுக்கு மேல இருக்கற வரிகள்ல மாசம் மும்மாரி மழை, ஓங்கி வளந்த நெல்லு நடுவுல துள்ற மீன், குடம் குடமா பால் நிறைக்கற பசு, இதெல்லாம் வருது, காசு பணம்னு ஒரு சொல் கிடையாது. ஐஸ்வர்யத்துக்கு இத விட பக்கத்துல வர்ற தமிழ் எனக்குத் தெரிஞ்சு இல்ல. கிரகப்பிரவேச பத்திரிகைல ஐஸ்வர்யம்ங்கற இடத்துல தயங்காம நீங்காத செல்வம் போடலாம்.

அடுத்தது திரு. இத மரியாதைக்குப் பேர் முன்னாடி போட்டுப் போட்டு அதோட சொந்த அர்த்தமே நமக்கு மறந்து போச்சு. செல்வம், அழகு, லட்சுமி, சிறப்பு எல்லாம் திருதான். மாணிக்கவாசகரோட திருக்கோவையாருக்கு உரை எழுதின பேராசிரியர்ங்கற பேர் கொண்ட பழைய உரையாசிரியர் திருங்கறதுக்கு "கண்டாரால் விரும்பப்படும் தன்மை நோக்கம்"னு விளக்கம் சொல்றார், பாக்கறவங்க விரும்பற தன்மை. கல்யாணப் பத்திரிகைல திருவளர்செல்வன், திருநிறைசெல்வின்னு போடறோமே, அதுல இருக்கறதும் இந்தத் திருதான், திரு வளர்ற செல்வன், திரு நிறைஞ்ச செல்வி. இங்க ஒரு முக்கியமான விஷயம், நடுவுல ச் வராது. திருவளர்ச்செல்வன்னு போட்டு நிறைய பத்திரிகை அடிச்சு வருது, ஆனா இது வினைத்தொகை, வினைத்தொகைல ஒற்று மிகாது. ஊறுகாய்னு எழுதறோம், ஊறுக்காய்னு எழுதறதில்ல. அதே திருக்கோவையார் முதல் பாட்டே "திருவளர் தாமரை"ன்னுதான் ஆரம்பிக்குது, திருவளர்த் தாமரைன்னு இல்ல. பிரஸ்ல ப்ரூஃப் குடுக்கும்போது இந்த ச் இருக்கான்னு பாத்து எடுக்கச் சொல்லுங்க, பழக்கத்துல அவங்களே திரும்பப் போட்டுடுவாங்க, ஃபைனல் ப்ரூஃப்லயும் ஒரு தடவை பாத்துடுங்க. வீட்டுல அடுத்து கல்யாணத்துக்கு இருக்கற பிள்ளைங்க இருந்தா திருவளர், கடைசிப் பிள்ளைன்னா திருநிறைன்னு ஒரு வழக்கம் சொல்றாங்க, பெரியவங்க அத எதிர்பாக்கற வீடுன்னா கேட்டுக்கிட்டு போடுங்க.

வளம், செழிப்பு, இதெல்லாம் ஊருக்கும் நாட்டுக்கும் நல்லா பொருந்தும், "வளமுடன் வாழ்க" நல்ல வாழ்த்து, சுருக்கமா இருக்கறதால மொய் கவர் மேல எழுத வசதி. சம்பத்து இப்ப பேரா மட்டும்தான் பெரும்பாலும் இருக்கு.

வெறுக்கைனு ஒரு சொல் இருக்கு, இதப் பத்தி கொஞ்சம் சொல்லணும். மிகுந்த செல்வத்துக்கு நம்ம பழைய இலக்கியத்துல இருக்கற அசல் தமிழ்ச்சொல் இது. தொல்காப்பியம் "விறப்பும் உறப்பும் வெறுப்பும் செறிவே"ங்குது, அதாவது வெறுப்புன்னா அங்க செறிவு, அடர்த்தி. அந்தச் செறிவுலேர்ந்து வெறுக்கை, குவிஞ்சு கிடக்கற செல்வம். திருக்குறள்ல நல்ல படைய "வேந்தன் வெறுக்கையுள் எல்லாம் தலை"ன்னு சொல்றார், ராஜாவோட செல்வத்துலயே முதல் செல்வம்னு. இன்னொரு குறள்ல "உரமொருவற்கு உள்ள வெறுக்கை", ஒருத்தனுக்கு பலம்ங்கறது உள்ளத்துல இருக்கற ஊக்கத்தோட மிகுதி. எவ்ளோ கம்பீரமான சொல். ஆனா கல்யாணப் பத்திரிகைல "வெறுக்கை பெருகி வாழ்க"ன்னு போட்டா வந்தவங்க எல்லாம் வெறுப்புன்னு படிச்சு பதறிடுவாங்க, அதனால வாழ்த்துல கண்டிப்பா வேண்டாம். தமிழ் மன்றத்துல பேசறீங்க, கட்டுரை எழுதறீங்க, கூடவே அர்த்தமும் சொல்ல இடம் இருக்குன்னா தாராளமா எடுத்தாளுங்க, எடுத்தாண்டாதான் உயிரோட இருக்கும்.

இப்ப ஒரு மேட்டர எடுத்து திருத்திப் பாக்கலாம். மேடவாக்கம் பக்கம் புது ஃப்ளாட், கிரகப்பிரவேசம், வீட்டுக்காரங்க எழுதிட்டு வர்றது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "நாங்கள் கடினமாக உழைத்து ஈட்டிய ஐஸ்வர்யத்தால் கட்டிய இல்லத்தில் அஷ்ட ஐஷ்வர்யங்களையும் பதினாறு செல்வங்களையும் அடைந்து ஐஸ்வர்யமாக வாழ தங்கள் வருகையை எதிர்பார்க்கிறோம்." உழைச்சத சொல்லணும்ங்கற ஆசை நியாயமானது, ஆனா அதுக்கு சொல் உழைப்பு, ஐஸ்வர்யம் இல்ல. மூணு தடவை வர்றத ஒண்ணாக்கணும். ஷ் போகணும். அடைந்து, எதிர்பார்க்கிறோம் ரெண்டும் ஆபீஸ் லெட்டர் மாதிரி இருக்கு. திருத்தினா இப்படி வரும்: "எங்கள் உழைப்பில் உருவான புது இல்லத்தில் ஐஸ்வர்யம் நிலைத்துப் பெருக, தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து வாழ்த்தியருள வேண்டுகிறோம்." நீளமும் குறைஞ்சுது, எல்லாம் இருக்கு. தனித்தமிழ்ல வேணும்னா "நீங்காத செல்வம் நிறைந்திட"ன்னு அந்த இடத்துல மாத்திக்கங்க, மீதி அப்படியே இருக்கட்டும்.

கல்யாண வாழ்த்துல பெரியவங்க சின்னவங்களுக்கு சொல்றதுன்னா "சகல ஐஸ்வர்யமும் பெற்று தீர்க்காயுசா இருங்க". நீங்க வயசுல சின்னவங்கன்னா மூத்த தம்பதிக்கு இத வாழ்த்தா சொல்லாதீங்க, அறுபதாம் கல்யாணத்துக்குப் போனா "உங்க ஆசீர்வாதம் வேணும்"னு நமஸ்காரம் பண்றதுதான் முறை, கார்டுல எழுதணும்னா "வணங்கி மகிழ்கிறோம்" போதும்.

மத்த மதத்து நண்பர்களுக்கு எழுதறதப் பத்தி கேட்டாங்களே. தமிழ் பைபிள்லயே ஐசுவரியம், ஐசுவரியவான் நிறைய வருது, ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்துல நுழையறத விட ஒட்டகம் ஊசியோட காதுல நுழையறது எளிதுங்கற வசனம் எல்லாருக்கும் தெரியும். அதனால சொல் அவங்களுக்குப் புதுசில்ல, ஆனா அந்த வசனத்துல அதுக்கு வேற நிறம் இருக்கு, பொருள் மேல இருக்கற பத்துதல் மாதிரி. சாந்தோம்ல கல்யாணம்னா நான் "சகல ஆசீர்வாதங்களும் பெற்று"ன்னுதான் எழுதிக் குடுப்பேன், அங்க ஆசீர்வாதம்ங்கற சொல் இந்த நிறைவ முழுசா தாங்குது. மண்ணடி, திருவல்லிக்கேணி பக்கம் முஸ்லிம் வீட்டு விசேஷம்னா பரக்கத். "அல்லாஹ் உங்க வாழ்க்கைல பரக்கத் செய்வானாக"ன்னு வாழ்த்தலாம். கொஞ்சமா இருந்தாலும் குறையாம பெருகற அருள் நிறைஞ்ச வளம்னு அதுக்கு அர்த்தம், கடைக்காரர் கூட முதல் போணி ஆனதும் பரக்கத்தா இருக்கட்டும்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. எழுதும்போது பரகத்னும் எழுதறாங்க, அந்த வீட்டுப் பத்திரிகைல எப்படி இருக்கோ அப்படியே நீங்களும் எழுதுங்க.